பெட்டியின் உள்மூடி

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில்
கோழிப்பண்ணைக்கு அடுத்த தகரக் கொட்டகை.
இரண்டு மேசை, ஒரு தராசு, ஒரு பிரிண்டர்.
இதுதானுங்க என் கடை.
பெயர்ப்பலகை கிடையாது.
ஐந்து வருடத்தில்
வாங்கியவர் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்கான பனியன் துணிச் சட்டை,
மூன்று மாதம் முதல் ஆறு வயதுவரை.
முதல் பெட்டியின் உள்மூடியில்
மார்க்கர் பேனாவால் எழுதினேன்:
அளவுப் பட்டியலில் பொய் வேண்டாம்.
அரை இஞ்சுதானே என்று விட்டதில்
கம்பத்தில் ஒரு குழந்தையின் தலை
கழுத்துப்பட்டிக்குள் நுழையவில்லை.
அம்மாக்காரி வீடியோ அனுப்பியிருந்தாள்.
பதினோரு நொடி அழுகை.
அன்றிலிருந்து ஒவ்வொரு உருப்படியையும்
பிஸ்வஜித் டேப் வைத்து அளக்கிறான்.
எண்ணைத் தமிழில் சொல்லி
ஒடியாவில் கூட்டுகிறான்.

அடுத்தது நிறம்.
உச்சிவெயிலில் மஞ்சள் பூசணிப்பூ,
டியூப்லைட்டில் அதே மஞ்சள் காய்ச்சல்காரன் கண்.
நாலரை மணிக்கு மேற்குச் சுவரில் மாட்டி எடு,
அப்போது தெரிவதுதான் நிறம்.
போனில் மெருகேற்றினால் அழகாகத்தான் இருக்கிறது.
அழகானதெல்லாம் அடுத்த வாரமே திரும்பி வருகிறது.

திரும்பி வந்ததை மூலையில் எறியாதே.
அதுவும் ஒறம்பரைதான்.
உள்ளே கூப்பிட்டு, பிரித்து,
என்ன குறை என்று கேள்.
ஒரு சட்டை பவுடர் வாசத்தோடு வந்தது,
நெஞ்சில் கேக் கறை.
போட்டு, போட்டோ எடுத்து, அனுப்பிவிட்டார்கள்.
போகட்டும், எங்கேயோ ஒரு பிறந்தநாள்.
பணத்தைத் திருப்பினேன்.
முகவரியையும் குறித்து வைத்தேன்.

கேட்கிற எல்லோருக்கும் உடனே பதில் சொல்
என்று எழுதி,
ராத்திரி ஒன்றரைக்கு ஒருத்தர்
"இது பருத்தியா, நெஜப் பருத்தியா?" என்று கேட்ட பிறகு
"உடனே" மீது கோடு இழுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
திரையில் ஆயிரத்து நூற்று நாற்பது ஆர்டர்.
கையில் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை.
விற்ற பணம் கம்பெனிக்காரன் கணக்கில்
பதினைந்து நாள் படுத்துக் கிடந்தது.
செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றேன்.
"செரிங்க" என்றாள் இந்துராணி,
என் முகத்தைப் பார்க்காமல்.
ஓவர்லாக் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள்.
அன்று ராத்திரி எழுதியது
பெரிய எழுத்தில், மூடிக்குக் குறுக்கே:
சனிக்கிழமையை முதலில் எடுத்து வை.

ஒன்றை மட்டும் எழுதவில்லை.
கோயமுத்தூரிலிருந்து ஒருவன் பேசினான்,
மூவாயிரத்துக்கு நாற்பது பாராட்டு.
வாங்கினேன்.
"அருமை" "சூப்பர்" "மிக அருமை"
ஒரே ராத்திரியில் முளைத்தன,
காளான் மாதிரி, ஒரே உயரத்தில்.
விற்பனை கூடியது, பொய் சொல்லமாட்டேன்.
பிறகு ஒருநாள் அவற்றின் நடுவே
ராஜபாளையத்திலிருந்து ஒருத்தி:
"கழுத்து சரியா இருக்கு. பட்டன்தான் கெட்டி.
எம்பொண்ணு பல்லால கடிச்சுக் கழட்டறா."
இவளும் அந்த மூவாயிரத்தில் ஒருத்தியா?
எனக்கே தெரியவில்லை.
குடோனுக்குள் போய் ஒரு சட்டையை எடுத்துப்
பட்டனைப் போட்டுப் பார்த்தேன்.
கெட்டிதான்.
காசு வாங்கினவனுக்குப்
பட்டன் தெரிந்திருக்காது.
நாற்பதையும் அழிக்கச் சொல்லி
இன்னொரு ஆயிரத்தைந்நூறு அழுதேன்.
காஜாவை ஒரு நூலளவு அகலமாக்கினாள் இந்துராணி.

போன மாசம் பெட்டி தீர்ந்துபோன அவசரத்தில்
பிஸ்வஜித் அந்தப் பெட்டியிலேயே
ஏழு சட்டையை வைத்து
டேப் ஒட்டி அனுப்பிவிட்டான்.
எந்த ஊருக்கென்று அவனுக்கும் நினைவில்லை.
கூரியர் வண்டி சாயங்காலம் ஆறுக்கு வரும்.
திரும்பி வந்த மூட்டையை இறக்கும்போது
இப்போதெல்லாம் நானே போய்
மூடியைத் திறந்து பார்க்கிறேன்.